36 மணி நேர டூட்டி: மருத்துவர் நலம் பற்றிய பேச்சை எங்கே தொடங்குவது?

மருத்துவர்களின் வேலை நேரம் குறித்த செய்திகளில் மூன்று எண்கள் மாறி மாறி வருகின்றன. மருத்துவர்களின் போராட்டப் பந்தலில் 36 என்கிறார்கள். பழைய அரசு உத்தரவு ஒன்றில் 48 என்றிருக்கிறது. 2024இல் வெளியான தேசியப் பணிக்குழுவின் அறிக்கை 74 என்கிறது. வட சென்னையின் பழைய ஜெயில் சாலையில், ஸ்டான்லி அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டுக்காகக் காலையிலேயே வரிசையில் நிற்பவருக்கு இந்த எண்கள் எரிச்சலைத்தான் தரும். நோயாளி நான், டாக்டருக்கு என்ன குறை என்று அவர் கேட்பார். நியாயமான கேள்வி. அதற்கான பதிலில் அவருடைய உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது என்பதால் அடிப்படையிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

மருத்துவர் நலம் என்றவுடன் யோகா வகுப்பும் மன அழுத்தம் குறித்த கருத்தரங்கும் அறிவிப்பது வழக்கமாகிவிட்டது. அவற்றால் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் கோளாறு தொடங்கும் இடம், யூனிட் எனப்படும் மருத்துவர் குழுவின் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் டூட்டிப் பட்டியல். அதைப் படிக்கத் தெரிந்தால் மற்றவை தாமாகப் புரியும்.

36 எப்படி வருகிறது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வெள்ளைக் கோட்டு அணிந்த எல்லோரும் ஒரே நிலையில் இருப்பவர்கள் அல்லர்.

1. பயிற்சி மருத்துவர். எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வில் தேறி, ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியில் இருப்பவர். ஹவுஸ் சர்ஜன் என்பது பழைய பெயர். ரத்தம் எடுப்பது, ஊசி போடுவது, ரிப்போர்ட் வாங்க ஓடுவது எல்லாம் பெரும்பாலும் இவர் தலையில்.

2. முதுநிலை மாணவர், அதாவது பி.ஜி. எம்.டி. அல்லது எம்.எஸ். மூன்றாண்டுப் படிப்பில் இருப்பவர். ஏட்டில் மாணவர், இரவு எட்டு மணிக்கு மேல் வார்டை நடத்துபவர்.

3. உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர். யூனிட்டின் தலைமை இவர்களிடம். சீஃப் என்று வார்டில் குறிப்பிடப்படுபவர் இந்தத் தலைவர்தான்.

பொது மருத்துவம், அறுவை சிகிச்சை போன்ற பெரிய துறைகள் யூனிட்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் ஒரு நாள் அட்மிஷன் நாள். அன்று காலை முதல் மறுநாள் காலை வரை அந்தத் துறைக்கு வரும் புது நோயாளிகள் அனைவரும் அந்த யூனிட்டின் பொறுப்பு. "இன்று எங்களுக்கு அட்மிஷன்" என்று ஒரு பி.ஜி. சொன்னால், நாளை மாலை வரை அவரைத் தேட வேண்டாம் என்று பொருள்.

அந்த நாளை மணிக்கணக்கில் விரித்துப் பார்க்கலாம். காலை ஆறு மணிக்கு விழிக்கிறார். ஏழரைக்கு வார்டில் பழைய நோயாளிகளைப் பார்த்து கேஸ் ஷீட் எழுதுகிறார். பிறகு ஓ.பி. மதியத்திலிருந்து அவசரப் பிரிவான காஷுவாலிட்டியில் அழைப்பு. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரி இடித்தவர், காசிமேட்டிலிருந்து நெஞ்சுவலியோடு வந்தவர், சர்க்கரை இறங்கி மயங்கிய மூதாட்டி, வலிப்பு நிற்காத பையன் என்று இரவு முழுவதும் ஆள் வந்துகொண்டே இருக்கும். விடிந்தபின் வேலை முடிவதில்லை. இரவில் சேர்த்த ஒவ்வொருவரையும் பற்றி சீஃபிடம் நின்று சொல்ல வேண்டும்: என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, என்ன பரிசோதனை, என்ன மருந்து. ரவுண்ட்ஸ் முடிய மதியம். அதன்பின் ஸ்கேனுக்குக் கையெழுத்து, வேறு துறையின் கருத்துக்குக் கடிதம், வீட்டுக்குப் போகிறவர்களுக்கு டிஸ்சார்ஜ் சம்மரி. மாலை ஏழரைக்கு வெளியே வந்தால் 36 மணி நேரம் சரியாகிறது.

இது எந்த ஒரு கொடுமைக்காரரும் உட்கார்ந்து போட்ட திட்டம் அல்ல. இரவில் சேர்த்தவரே காலையில் நோயாளியின் கதையைச் சொல்ல வேண்டும் என்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது. படிப்பும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் இரவுப் பணியாளரும் மறுநாள் பகல் பணியாளரும் ஒரே ஆளாக இருக்கும்படி ஏற்பாடு அமைந்துவிட்டது. அதை மாற்ற வேண்டுமானால் இன்னோர் ஆள் வேண்டும். அந்த இன்னோர் ஆள்தான் இல்லை.

எல்லாத் துறையிலும் இதே நிலை என்று சொல்ல முடியாது. தோல், கண் போன்ற துறைகளில் இரவு ஓரளவு அமைதியாகக் கழியும். மகப்பேறுதான் மிகக் கடினம். ராயபுரத்தின் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற பிரசவ மருத்துவமனைகளில் பகல், இரவு என்ற பேதமே கிடையாது.

மூன்று எண்கள், மூன்று காகிதங்கள்

1. நாற்பத்தெட்டு. உறைவிட மருத்துவர்கள், அதாவது பி.ஜி.க்கள் போன்றோர், வழக்கமாக வாரத்துக்கு 48 மணி நேரமும், தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மிகாமலும் பணியாற்ற வேண்டும் என்று ஒன்றிய அரசின் சுகாதாரத் துறை 1992இலேயே சொல்லிவிட்டது. சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுப்பும் அதில் உண்டு. "வழக்கமாக" என்ற சொல்லும் "பணியின் அவசரத்தைப் பொறுத்து" என்ற விலக்கும் சேர்ந்து அந்த உத்தரவை முப்பது ஆண்டுகளாகத் தூங்க வைத்திருக்கின்றன. மருத்துவர்களுக்குக் கிடைக்காத தூக்கம் அதற்காவது கிடைத்தது.

2. எண்ணே இல்லாத விதி. மருத்துவக் கல்வியை ஒழுங்குபடுத்தும் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறைகள், மாணவர்கள் "நியாயமான" நேரம் பணியாற்றுவார்கள், ஒரு நாளில் ஓய்வுக்கு "நியாயமான" நேரம் தரப்படும் என்கின்றன. வார விடுப்பும் ஆண்டுக்கு 20 நாள் தற்செயல் விடுப்பும் சொல்லப்பட்டிருக்கின்றன. எத்தனை மணி நேரம் நியாயம் என்பதை யார் தீர்மானிப்பது? டூட்டிப் பட்டியல் போடுபவரே.

3. எழுபத்துநான்கு. அதே ஆணையம் அமைத்த, மருத்துவ மாணவர்களின் மனநலத்துக்கான தேசியப் பணிக்குழு 2024இல் தந்த பரிந்துரை இது. ஒரு 24 மணி நேர டூட்டி, ஐந்து நாள் பத்து மணி நேரப் பணி, ஒரு நாள் விடுப்பு. கூட்டினால் 74. நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரத் தூக்கம் கிடைக்க வேண்டும் என்றும் குழு சேர்த்துச் சொன்னது.

ஆக 48 என்பது நடைமுறைக்கு வராத உத்தரவு, 74 என்பது பரிந்துரை, 36 என்பது நடப்பு. முதல் இரண்டும் வாரக் கணக்கு, மூன்றாவது ஒரே மூச்சில் செய்யும் வேலையின் கணக்கு. மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் குழம்புவதற்கு இதுதான் காரணம். 74 கேட்டபோது சிலருக்கு அதிர்ச்சியாக இருந்தது, மற்ற அலுவலகங்களில் 48தானே என்று. பி.ஜி.க்கள் பலருக்கு அது சலுகையாகத் தெரிந்தது. அந்த வேறுபாடே நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

விழித்திருக்கும் மூளைக்கு என்ன ஆகிறது?

1997இல் டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை முடிவு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண் ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது ஏறத்தாழ 0.10 சதவீதத்துக்குச் சமம். இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 0.03.

மேலே சொன்ன அட்மிஷன் நாளில் இதைப் பொருத்திப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு விழித்தவர் இரவு 11 மணிக்கு 17 மணி நேரத்தைத் தொடுகிறார். அப்போது காஷுவாலிட்டியில் கூட்டம் குறைந்திருக்காது. மறுநாள் காலை ஆறு மணிக்கு 24. அதற்குப் பிறகும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் மருந்தின் அளவைக் கணக்கிட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். இடையில் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தால் போதாதா என்றால், ஆழ்ந்த தூக்கத்திலிருந்து உலுக்கி எழுப்பப்பட்ட முதல் சில நிமிடங்களில் மூளை இன்னும் மந்தமாக இருக்கும். நெஞ்சுவலிக்காரரின் ஈ.சி.ஜி.யை அந்த நிமிடங்களில்தான் நீட்டுவார்கள்.

அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவுப் பயிற்சி மருத்துவர்களிடம் நடத்தி 2004இல் வெளியான ஆய்வில், 24 மணி நேரத்தைத் தாண்டும் பழைய முறை டூட்டியில் கடுமையான தவறுகள், நேரம் குறைக்கப்பட்ட முறையைவிட 36 சதவீதம் கூடுதலாக இருந்தன. மறு ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வு, நீண்ட டூட்டி முடித்து வண்டி ஓட்டிச் செல்லும் பயிற்சி மருத்துவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் என்றது. திருவொற்றியூரிலோ மணலியிலோ வீடு வைத்துக்கொண்டு, டூட்டி முடித்து லாரிகளுக்கு நடுவே இரு சக்கர வண்டியில் திரும்பும் ஒருவருக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல.

இவை அன்றன்றைய ஆபத்துகள். ஆண்டுக்கணக்கில் உடலில் சேருவது வேறு. உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். 74 மணி நேரம் அந்த எல்லைக்கு எவ்வளவோ மேலே இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இருமலும் ஊசியும்

தொழிலோடு வரும் நோய்கள் மருத்துவர்களுக்கும் உண்டு. நெருக்கமான குடியிருப்புகள் கொண்ட வட சென்னையில் காசநோய் முதலில் நிற்கிறது. மருத்துவ வார்டில் இருமிக்கொண்டு படுத்திருப்பவருக்குக் காசநோய் என்று சளிப் பரிசோதனை முடிவு வரும் முன்பே, ஒரு பயிற்சி மருத்துவர் பல தடவை அவர் முகத்துக்கு அருகே குனிந்து எழுந்திருப்பார். சன்னலைத் திறந்து வைப்பது, இருமுபவர்களை ஓ.பி. வரிசையிலேயே பிரித்து உட்கார வைப்பது, என்-95 முகக்கவசத்தைத் தட்டுப்பாடில்லாமல் தருவது ஆகியவை செலவு குறைந்த தடுப்பு வழிகள். வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டாலும் காசநோய் குணமாகும் என்று 1950களின் இறுதியில் உலகுக்குக் காட்டிய ஆய்வு நடந்தது இந்தச் சென்னையில்தான். அதே ஊரில் மருத்துவருக்கு வரும் காசநோயை ஏதோ தனிப்பட்ட துரதிர்ஷ்டம்போல் நடத்துவது பொருத்தமாக இல்லை.

அடுத்தது ஊசிக்குத்து. நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி தவறிக் கையில் குத்தினால், எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை. எச்.ஐ.வி. என்றால் பதறும் பலர் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்றாவது தவணையை மறந்துவிடுகிறார்கள்; கணக்கு என்னவோ நேர்மாறாக இருக்கிறது.

குத்தியவுடன் செய்ய வேண்டியவை:

1. சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது.
2. உடனே பொறுப்பு அதிகாரியிடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும்.
3. தேவைப்பட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை, முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும்.

இரண்டாவது படிதான் வழக்கமாக விடுபடுகிறது. பதிவு செய்தால் விசாரணை, படிவம், அரை நாள் வீண். வரிசையில் ஆள் நிற்கும்போது கையைக் கழுவிக்கொண்டு அடுத்த நோயாளியிடம் போய்விடுகிறார்கள். இதிலும் தூக்கத்துக்குப் பங்கு உண்டு. இரவு டூட்டி முடித்த மறுநாள் பகலில் இத்தகைய காயங்கள் கூடுவதை 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று பதிவு செய்திருக்கிறது.

பணிச்சோர்வு என்பது எது, எது அல்ல?

பர்ன்அவுட் என்ற சொல் இப்போது எல்லா அலுப்புக்கும் பயன்படுகிறது. உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டில் அதற்கு வரையறை உண்டு. அது நோயாக அல்லாமல், சரிவரக் கையாளப்படாத பணி அழுத்தத்தின் விளைவாக, தொழில் சார்ந்த நிகழ்வாகப் பதிவாகியிருக்கிறது. அதன் கூறுகள் மூன்று: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகி எதிலும் கசப்பு காண்பது, செய்யும் வேலையில் திறன் குறைவதாக உணர்வது.

இரண்டாவது கூறு நோயாளிகளுக்கு நன்கு தெரிந்தது. பெயரைக் கேட்காமல் "அந்த லிவர் கேஸ்" என்று சுட்டுவதும், கேள்வி கேட்டால் எரிந்து விழுவதும் பல நேரம் குணக்கேடு அல்ல, இந்த வற்றலின் அடையாளம். திட்டு வாங்கியவருக்கு அது ஆறுதலாகாது என்பதும் உண்மையே.

மனச்சோர்வு நோய் வேறு. அது விடுமுறை எடுத்தாலும் போகாது, வேலைக்கு வெளியேயும் பிடித்து வைக்கும், சிகிச்சை வேண்டும். பணிக்குழு நாடு முழுவதும் நடத்திய இணையவழிக் கணக்கெடுப்பில் 25,590 இளநிலை மாணவர்களும் 5,337 முதுநிலை மாணவர்களும் பதில் சொன்னார்கள். தமக்கு மனநலப் பாதிப்பு கண்டறியப்பட்டிருப்பதாகச் சொன்னவர்கள் இளநிலையில் சுமார் 28 சதவீதம், முதுநிலையில் சுமார் 15. தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் இளநிலையில் 16 சதவீதம், முதுநிலையில் 31. முதுநிலையினரில் 45 சதவீதத்தினர் வாரம் 60 மணி நேரத்துக்கு மேல் பணியாற்றுவதாகவும், பாதிக்கு மேற்பட்டோர் வார விடுப்பு கிடைப்பதில்லை என்றும் சொன்னார்கள். விருப்பப்பட்டவர்கள் மட்டும் பதிலளித்த கணக்கெடுப்பு என்பதால் இவற்றை நாட்டின் மொத்த விகிதமாகக் கொள்ளக் கூடாது.

ஆனாலும் ஒரு முரண் கண்ணில் படுகிறது. முதுநிலையில் எண்ணம் இரு மடங்கு, கண்டறியப்பட்டது பாதி. வயது கூடினால் மனம் உறுதிப்படுகிறது என்று இதைப் படிக்க முடியாது. மருத்துவரிடம் போக நேரமும் துணிவும் இல்லை என்று படிப்பதே பொருந்துகிறது. தன் கல்லூரியின் மனநல ஓ.பி.யில் சீட்டு வாங்கி உட்கார வேண்டும். உள்ளே இருப்பவர் நேற்று விடுதியில் சேர்ந்து சாப்பிட்டவர், அல்லது நாளை தேர்வுக்கு வரப்போகிறவர். அதனால் தனக்குத் தானே மாத்திரை எழுதிக்கொள்வதே பழக்கமாகிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சிகிச்சை விவரங்களின் ரகசியத்தை உரிமையாக்கியிருக்கிறது. அந்த உரிமை செயல்பட வேண்டுமானால் கல்லூரிக்கு வெளியே, பெயர் தெரியாத இடத்தில் ஆலோசனை கிடைக்க வேண்டும். டெலி மனஸ் என்ற தேசிய மனநல உதவி எண்ணான 14416இலும், தமிழ்நாட்டின் 104 உதவி எண்ணிலும் யாரும் பேசலாம். மருத்துவர்களும் பேசலாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மருத்துவர்களுக்காக உலக மருத்துவச் சங்கம் வகுத்த ஜெனீவா உறுதிமொழியில் 2017இல் ஒரு வரி சேர்ந்தது: உயர்ந்த தரத்தில் சிகிச்சை தருவதற்காக என் உடல்நலத்தையும் நலவாழ்வையும் திறனையும் நான் பேணுவேன் என்ற பொருளில். தன்னைப் பேணுவது நோயாளிக்குச் செய்யும் கடமையில் சேர்க்கப்பட்டது அப்போதுதான்.

ஐந்து ரூபாய் டாக்டரும் ஓர் ஆபத்தும்

வட சென்னைக்கு நல்ல மருத்துவர் என்பவர் எப்படி இருப்பார் என்று தெரியும். ஸ்டான்லியில் படித்து, வியாசர்பாடியில் இரண்டு ரூபாய்க்கும் பின்னர் ஐந்து ரூபாய்க்கும் வைத்தியம் பார்த்த திருவேங்கடம் வீரராகவன் 2020 ஆகஸ்டில் மறைந்தார். ஸ்டான்லியே பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொன்ன தலைமுறை இன்னும் இருக்கிறது. ஈகை இந்தப் பகுதியின் மருத்துவ மரபில் ஊறியது.

அந்த மரபின் மேல் மரியாதை வைத்தே ஒன்று சொல்ல வேண்டும். வீரராகவன் தன் விருப்பத்தால் கொடுத்தார். ஒருவர் விரும்பிச் செய்த தியாகத்தை மற்றவர்களுக்கான டூட்டி விதியாக மாற்றினால் அது தியாகம் அல்ல, ஆள் பற்றாக்குறையை மூடும் போர்வை. "சேவைத் தொழில்தானே" என்ற வாசகம் பெரும்பாலும் காலிப் பணியிடம் பற்றிய கேள்வி எழும்போது வருவதைக் கவனிக்கலாம்.

தாக்குதல்: சட்டம் இருந்தும் ஏன்?

2024 ஆகஸ்டில் கொல்கத்தாவின் அரசு மருத்துவமனையில், நீண்ட டூட்டிக்கு நடுவே கருத்தரங்கக் கூடத்தில் ஓய்வெடுக்கப் போன முதுநிலை மருத்துவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர், நோயாளியின் மகனால் கத்தியால் குத்தப்பட்டார். முதல் நிகழ்வில் நாடு பாதுகாப்பைப் பற்றிப் பேசியது. ஓய்வறை என்ற ஒன்று ஏன் இல்லை என்ற கேள்வி அளவில் சிறியதாகத் தெரிந்தாலும் விடையும் அங்கேதான் இருந்தது. பெண் மருத்துவருக்குத் தாழ்ப்பாள் உள்ள அறை, கழிப்பறை, வெளிச்சம் உள்ள வழி என்பவை நலத்திட்டங்கள் அல்ல, பணியிடத்தின் குறைந்தபட்சம்.

தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிரான தனிச் சட்டம் 2008 முதல் இருக்கிறது. அது தண்டிக்கும், தடுக்க வேறு வேலை வேண்டும். இரவில் நோயாளியோடு வரும் உறவினர்தான் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறார், ரத்த மாதிரியை லேபுக்கு எடுத்துப் போகிறார், ஸ்கேன் வரிசையில் நிற்கிறார். அவரை வெளியே நில் என்று சொல்ல முடியாது. அவர்தான் அந்த இரவின் ஊழியர். நிலைமை மோசமாகும்போது உட்கார வைத்துப் பத்து நிமிடம் விளக்கிச் சொல்ல யாரும் இல்லை. விளக்க வேண்டியவர் 20 மணி நேரமாக நிற்கிறார். கைகலப்புகளின் வேர் பலவும் இந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது.

ஆளைக் கூட்டினால் போதாதா?

போதும். சிக்கல், எத்தனை பேர் வேண்டும் என்பதை எதை வைத்து எண்ணுகிறோம் என்பதில் இருக்கிறது. மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியர் பணியிடங்கள் மாணவர் இடங்களையும் படுக்கைகளையும் வைத்தே கணக்கிடப்படுகின்றன. ஸ்டான்லிக்கு எம்.பி.பி.எஸ். இடங்கள் 250. அதற்கான குறைந்தபட்ச எண்ணிக்கை இருந்தால் ஆணையத்தின் ஆய்வில் தேறிவிடலாம். ஆனால் ராயபுரம், தண்டையார்பேட்டை, எண்ணூர் மட்டுமன்றி மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வரையிலிருந்தும் வரும் கூட்டம் அந்தக் கணக்கில் இல்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் 2019 அக்டோபரில் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதியத்தோடு சேர்த்து, நோயாளிகளின் வருகைக்கு ஏற்ப மருத்துவர் எண்ணிக்கையை நிர்ணயிக்கக் கேட்டது இதனால்தான். செய்திகளில் ஊதியம் மட்டும் தங்கியது.

வரும் கூட்டத்தைக் குறைப்பதும் ஒரு வழி. மாதாந்தரச் சர்க்கரை மாத்திரைக்காக மட்டும் பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவர், தன் தெருவுக்கு அருகே உள்ள மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அதைப் பெற்றால், ஓ.பி.யில் ஒரு நிமிடம் மிச்சமாகிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுபோகிறது. மருத்துவர் நலத்துக்கான திட்டம் என்று அதை யாரும் சொன்னதில்லை, சொல்லியிருக்கலாம்.

"நாங்களும் இப்படித்தான் படித்தோம்"

மூத்த மருத்துவர்களின் இந்த வாதத்தை ஏளனமாகத் தள்ளிவிட முடியாது. ஒரு நோயின் போக்கை முதல் மணியிலிருந்து கூடவே இருந்து பார்த்தால்தான் படிப்பு வரும் என்கிறார்கள். நேரத்தைக் குறைத்தால், நோயாளியின் விவரத்தை அடுத்த டூட்டிக்காரரிடம் சொல்லிச் செல்லும் ஒப்படைப்புகள் கூடும், ஒவ்வோர் ஒப்படைப்பிலும் தகவல் சிந்தும் என்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் அறுவை சிகிச்சைத் துறையிலும் பொது மருத்துவத்திலும் நடந்த இரு பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள், தொடர் டூட்டியின் நீளத்தைத் தளர்த்தியதால் நோயாளிகளின் இறப்பு கூடவில்லை என்றே 2016இலும் 2019இலும் காட்டின.

ஆனால் அந்த ஆய்வுகளில் இரண்டு பக்கக் குழுக்களுமே வாரம் சராசரி 80 மணி நேரம் என்ற உச்சவரம்புக்கு உட்பட்டவை. உச்சவரம்பே இல்லாத இடத்துக்கு அவற்றைச் சான்றாகக் கொண்டுவர முடியாது. ஒப்படைப்பில் தகவல் சிந்துவதற்கு மருந்தும் உண்டு. நோயின் தீவிரம், சுருக்கம், செய்ய வேண்டியவை, எதிர்பார்க்கும் சிக்கல், கேட்டவர் திருப்பிச் சொல்வது என்று வரிசைப்படுத்திய ஒப்படைப்பு முறையை ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் புகுத்தியபோது மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014இல் ஆய்வு வந்தது. அதற்கு ஒரு தாளும் பதினைந்து நிமிட அமைதியும் போதும்.

அடுத்த அறிவிப்பு வரும்போது

மருத்துவர் நலனுக்கென்று குழுவோ திட்டமோ அறிவிக்கப்பட்டால், செய்தியில் தேட வேண்டியவை இவை:

1. மணி நேர எண் ஏதாவது இருக்கிறதா, அல்லது மீண்டும் "நியாயமான" தானா?
2. அட்மிஷன் நாளுக்கு மறுநாள் மதியத்துக்கு மேல் வார்டைப் பார்ப்பவரின் பெயர் பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறதா? விடுப்பு உண்டு என்று மட்டும் சொல்லி, மாற்று ஆளின் பெயர் இல்லாத பட்டியல் வெறும் காகிதம்.
3. மீறினால் யாரிடம் புகார் செய்வது? தேர்வில் மதிப்பெண் போடும் அதே துறைத் தலைவரிடம் என்றால் ஒரு புகாரும் வராது. புகார் இல்லை என்பதையே சாதனையாகக் காட்டுவார்கள்.
4. ஊசிக்குத்தும் காசநோயும் பணிசார் பாதிப்பாகப் பதிவாகின்றனவா? சிகிச்சைக் காலம் வருகைப்பதிவில் குறையாகக் கணக்கிடப்படுமா?
5. காலியிடங்களை நிரப்ப மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புத் தேதி இருக்கிறதா, புதுப் பணியிடங்களுக்கு நிதித் துறை ஒப்புதல் கிடைத்துவிட்டதா? மணி நேரத்தைக் குறைத்துவிட்டு ஆளைக் கூட்டாவிட்டால், முதலாண்டு பி.ஜி.யிடமிருந்து எடுத்த வேலை பயிற்சி மருத்துவர் மேல் விழும். அவரிடமிருந்தும் எடுத்தால் செவிலியர் மேல்.